உதயாவின் இடது தோள்

உதயாவுக்குப் பொய் சொல்ல வராது. வாயால் நன்றாகவே சொல்வாள், உடம்புதான் காட்டிக்கொடுத்துவிடும். பொய் வெளியே வருவதற்குச் சற்று முன்னால் அவளுடைய இடது தோள் ஒரு விரற்கடை கீழே இறங்கும். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்துவிட்டு, பஸ்ஸில் பையைத் தொலைத்துவிட்டேன் என்று டீச்சரிடம் கதையளந்தபோதும் இறங்கியது. பந்தை இடப்பக்கம் கொண்டுபோகிற மாதிரி பாவனை காட்டி வலப்பக்கம் பறக்கும்போதும் இறங்கும். உலகத்தில் இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தவள் ஸ்வீட்லின் ஒருத்திதான். கண்டுபிடித்ததை அவள் உதயாவிடம் மூச்சுவிடவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் எப்படிப் பந்தைப் பறிப்பது?

இருவரும் திருத்தணியில் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஸ்வீட்லின் ஊருக்குள்ளேயே இருப்பவள். சர்ச்சுக்குப் பின்னால் வீடு. உதயா அம்மையார்குப்பத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருபவள். வீட்டில் விடிந்ததிலிருந்து பவர்லூம் தடதடத்துக்கொண்டே இருப்பதால், அவள் ரகசியம் பேசினாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். பள்ளி அணியில் உதயா முன்னால் ஓடிக் கோல் போடுகிறவள், ஸ்வீட்லின் பின்னால் நின்று மறிக்கிறவள். ஆகவே பயிற்சி என்று வந்தால் ஒருத்தி இல்லாமல் இன்னொருத்திக்கு ஆகாது. தாண்டிப் போகக் கற்றுக்கொள்வதற்குக் குறுக்கே நிற்க ஓர் ஆள் வேண்டுமே.

சாயங்காலம் மைதானத்தின் நடுப்பகுதியைக் கிரிக்கெட் பையன்கள் பட்டா போட்டு வைத்திருப்பார்கள். இந்த இருவருக்கும் மிஞ்சியது வேப்பமரத்தடி மூலை. கோயிலில் உடைத்த தேங்காயின் கொட்டாங்குச்சிகளை வரிசையாகக் கவிழ்த்துவைத்து, அவற்றின் நடுவே பந்தை வளைத்து வளைத்து ஓட்டுவாள் உதயா. வித்தைகளை எல்லாம் அவள் போனில் பார்த்துத்தான் படித்தாள். எங்கோ பச்சைப் புல்லில் ஆடுகிற யாரோ ஒருத்தியின் காலை மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பாள். பிறகு புல் இல்லாத இந்தக் கட்டாந்தரையில் அதைச் செய்யப் போய்க் குப்புற விழுவாள்.

வித்தைகளின் இங்கிலீஷ் பெயர்கள் வாயில் நுழையாததால் அவர்களே பெயர் வைத்தார்கள். பந்துக்கு மேலே ஒரு காலைச் சுற்றி வீசி, மறு காலால் தட்டிக்கொண்டு போவது கத்திரி. மறிக்கிறவளின் இரண்டு கால்களுக்கும் நடுவே பந்தை விட்டு அந்தப் பக்கம் போய் எடுப்பது இடுக்கு. எல்லாவற்றிலும் பெரியது டவுன் பஸ். ஆர்.கே.பேட்டை போகிற பஸ், ஸ்டாப்பிங்கில் நிற்கிற மாதிரி வேகத்தைக் குறைக்கும். ஜனம் பையைத் தூக்கிக்கொண்டு கிட்டே போனதும் நிற்காமல் போய்விடும். அதேதான். ஓடி வந்தவள் சட்டென்று தளர்ந்து நிற்கிற மாதிரி காட்ட வேண்டும். எதிரி அப்பாடா என்று நிமிரும் நேரத்தில் ஒரே உந்தில் கிளம்பிவிட வேண்டும். இந்தப் பெயரை வைத்த அன்று இருவரும் சிரித்துப் புரண்டதில் கிரிக்கெட் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

முதலில் ஒன்றும் சரியாக வரவில்லை. உதயாவின் கால் பந்துக்கு மேலே அழகாகச் சுற்றும். ஸ்வீட்லின் தூண் மாதிரி நின்றபடி பந்தை எடுத்துக்கொண்டு போவாள்.

"இன்னாடி நகராம நிக்கிற? நீ ஏமாறணும்டி."

"நீ ஏமாத்து, நா ஏமார்றேன். சொம்மா காலை ஆட்டிகினு இருந்தா யாரு ஏமாறுவா?"

"எப்படித்தான் தெரியுது உனுக்கு?"

"நா காலையே பாக்கல. நீ எந்தப் பக்கம் சாயறன்னு பாத்துகினு இருக்கேன்."

அந்தப் பேச்சுதான் உதயாவுக்கு வழி காட்டியது. காலால் பந்தைச் சுற்றுவதில் ஒன்றும் இல்லை, எதிரி தன் எடையைத் தப்பான காலில் போடும்படி செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபட்டது. அதன்பிறகு அவள் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஸ்வீட்லினின் முட்டிகளைப் பார்த்து ஓடிவந்தாள். ஒரு முட்டி இறுகும்போது மறுபக்கம் பறந்தாள். பத்துப் பதினைந்து பேரை நிறுத்திவைத்தாலும் அவளைப் பிடிக்க முடியாது என்கிற நிலை வந்தது. ஸ்வீட்லின் மட்டும் பிடித்தாள். அந்த இடது தோள் இருக்கிறதே.

பிளஸ் டூ முடிகிற நேரத்தில், சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரி கால்பந்து ஆடுகிறவர்களுக்கு இடம் கொடுக்கிறது என்று சேதி வந்தது. படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வைகாசியில் ஆடிக் காட்ட வேண்டும். ஸ்வீட்லினுக்கு அது கிடைத்தால் நல்லது. உதயாவுக்குக் கிடைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஆவணியில் முறைப்பையனான பாவா சக்திவேலுக்குக் கட்டிவைப்பது என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். சக்திவேல் கெட்டவனில்லை, உதயாவின் ஆட்டத்துக்கு வந்து விரல் வைத்து விசிலடித்தவன்தான். "கல்யாணத்துக்கு அப்பறம் நம்ம புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடு" என்று அவன் ஆசையாகச் சொன்ன அன்று உதயா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வீடு வரை அழுதாள்.

"சீட்டு கெடச்சா மூணு வருசம் எதையும் பேச மாட்டேன்னு நைனா சொல்லிட்டாரு. மூணு வருசம்டி. அதுக்குள்ள நா எங்கேயோ போயிடுவேன், பாரு" என்றாள் மறுநாள், அப்பா கொடுத்த வாக்கை நம்பி.

பங்குனியில் ஒரு பந்தயத்தில் டவுன் பஸ் போட்டுக் கிளம்பியபோது அவளுடைய வலது முட்டி பிசகியது. பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அம்மா மணியம்மை பதறிப்போனாள். பதறினால் அவளுக்குத் தெரிந்த ஒரே போக்கிடம் மலைமேல் இருக்கிற முருகன்தான். புள்ளை நல்லபடியா எழுந்து நடந்துட்டா வைகாசிக் கிருத்திகைக்கு அவளே தோளில் புஷ்பக் காவடி எடுத்துப் படியேறி வருவாள் என்று நேர்ந்துகொண்டாள். வீக்கம் வடிந்தது, பெண் நடந்தாள். மணியம்மையின் கணக்கில் முருகன் தன் பங்கைச் செய்து முடித்துவிட்டான்.

அரக்கோணத்தில் எலும்பு டாக்டரைப் பார்க்கப் போனபோது ஸ்வீட்லினும் கூடப் போனாள். மணியம்மை மருந்துக் கடையில் நிற்க, தோழிகள் இருவரும் டாக்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். முட்டிக்குள்ளே இருக்கிற நரம்புக் கயிறு பாதி அறுந்திருக்கிறது என்றார் அவர். மெதுவாக ஓடலாம், ஆனால் அந்தக் காலை ஊன்றித் திரும்பக் கூடாது. முக்கியமாகப் படி ஏறி இறங்கக் கூடாது. பொறுமையாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும், அவசரப்பட்டால் முழுதும் போய்விடும். வெளியே வரும்போது உதயா தோழியின் கையைப் பிடித்தாள்.

"எங்கம்மாகிட்ட சொல்லிடாத. சொன்னா மெட்ராசுக்கே வுட மாட்டாங்க."

"அப்ப காவடி?"

"அதுக்குள்ள சரியாப் பூடும்டி. எனுக்கு இப்பவே வலிக்கல."

இடது தோள் இறங்கியது. ஸ்வீட்லின் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவள் அப்பா ஜெயபால் நிதானமான மனிதர். பக்கத்து வீட்டார் மாவிளக்கு கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குவார், கிறிஸ்துமஸுக்கு முதல் தட்டு கேக் அவர்களுக்குத்தான் போகும். அப்படி வாழ்ந்துதான் அந்தத் தெருவில் அவருக்கு நல்ல பெயர்.

"நாம சொல்றது வேற மாதிரி ஆயிடும், கண்ணு. வேதக்கார வூட்டுப் பொண்ணு சாமி காரியத்த வேணான்னு சொல்லிச்சுன்னுதான் நாளைக்குப் பேச்சு வரும். அவங்க நேர்ச்சையில நாம வாயத் தொறக்கக் கூடாது. அந்தப் பொண்ணுக்கே தெரியும் இல்ல? அவளே சொல்லட்டும்."

தப்பாகச் சொல்லவில்லை அவர். எவ்வளவோ காலம் அடுத்தடுத்து வாழ்ந்து பழகிய மரியாதை அது. அந்த மரியாதையே இந்தப் பெண்ணின் வாயைத் தைத்துவிட்டது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கிருத்திகையன்று காலை, மலையடிவாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்வீட்லினும் கூடவே கிளம்பினாள். மணியம்மை அவளைக் கண்டதும் கன்னத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டாள்.

"நீ வந்தியே, அதுவே போதும்மா. எங்கூட்டுப் புள்ளைங்களே பஸ்ஸுல மேல போய்ட்டாங்க. நீ நடந்து வர்ற."

உதயா மஞ்சள் புடவை கட்டி, கழுத்தில் மாலையோடு, தோளில் பூச்சுற்றிய காவடியோடு நின்றாள். அழகாக இருந்தாள். கூட்டம் 'அரோகரா' என்று எழுப்பிய குரலில் மலையே அதிர்ந்தது. முதல் படிகளை அவள் மற்றவர்களைப் போலவே ஏறினாள். வெயில் ஏற ஏற ஸ்வீட்லினின் கண் காவடியிலும் இல்லை, பூவிலும் இல்லை. வலது காலை மேல்படியில் வைக்கும் ஒவ்வொரு முறையும் உதயா எடையை அதற்குத் தராமல் இடப்பக்கமே சாய்ந்து எம்பினாள். இடது தோள் இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. மைதானத்தில் ஒரு நொடி வந்து மறைகிற அந்தச் சாய்வு இங்கே படிக்குப் படி வந்தது. காவடி ஒரு பக்கமாகச் சரிந்து ஆடியதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் பெண்ணுக்கு அருள் வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மணியம்மைக்குக் கண்ணில் நீர் வழிந்தது, சந்தோஷத்தில்.

பாதி மலையில் ஒரு மண்டபம். நிழலில் நின்றார்கள். உதயாவின் உதடு வெளுத்திருந்தது. காவடியைத் தோளிலிருந்து இறக்காமலே திரும்பி ஸ்வீட்லினைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அந்த நேரத்தில் ஸ்வீட்லின் சொல்லியிருக்க வேண்டும். ஆன்ட்டி, இவளால முடியல, டாக்டர் வேணான்னு சொன்னாரு, காவடியை என் கையில குடுங்க, இல்லன்னா வண்டியில ஏத்திப் போகலாம். சுற்றிலும் திருநீறு பூசிய முகங்கள். தன் கழுத்தில் தொங்கிய சின்னச் சிலுவையை அவள் சட்டைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டாள்.

"தண்ணி குடிக்கிறியா?" என்றாள்.

உதயா ஒரு மிடறு குடித்துவிட்டு மேலே திரும்பினாள்.

அடுத்த வாரம் மூன்று பேரும் சென்னைக்கு மின்சார ரயிலில் போனார்கள். மணியம்மை மடியில் திருநீற்றுப் பொட்டலம். உதயா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அவள் அவ்வளவு பேசுவது வழக்கமில்லை. கல்லூரி மைதானத்தில் நிஜமான புல் இருந்தது. உதயா குனிந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "விழுந்தாக்கூட வலிக்காதுடி" என்றாள்.

பயிற்சியாளர் அம்மா பெண்களை இரண்டு வரிசையாகப் பிரித்தார். ஒரு வரிசை பந்தோடு வந்து தாண்ட வேண்டும், மறு வரிசை மறிக்க வேண்டும். ஒருத்திக்கு ஒருத்தி. தாண்டியவர்கள் அடுத்து நடக்கிற ஆட்டத்துக்குப் போகலாம், தாண்டாதவர்கள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஸ்வீட்லின் தன் முன்னால் வந்த பெண்களிடமிருந்து பந்தைக் குழந்தையிடம் கிலுகிலுப்பையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டிருந்தாள். உதயாவைத் தினம் மறித்தவளுக்கு இவர்கள் எம்மாத்திரம்? பிறகு வரிசையில் உதயாவின் முறை வந்தது. எதிரே நின்றவள் ஸ்வீட்லின்.

உதயா ஓடி வந்தாள். வலது காலை ஊன்றித் தள்ள அவளால் முடியாது. ஆகவே இடப்பக்கம் போக முடியாது. இடப்பக்கம் போகிற மாதிரி காட்டி வலப்பக்கம் போகத்தான் முடியும். அவளுக்கு இருந்தது அந்த ஒரே வழிதான். ஸ்வீட்லினுக்கு அது கண்ணாடியில் தெரிகிற மாதிரி தெரிந்தது. உதயா வேகத்தைக் குறைத்தாள். இடது தோள் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு நின்றால்கூட ஸ்வீட்லினால் அந்தப் பந்தை எடுத்திருக்க முடியும்.

எடுக்கவில்லை. வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவள் அந்தத் தோளை நம்பியவள் மாதிரி பொய்ப்பக்கம் பாய்ந்தாள். உதயா அவளைக் கடந்து போனாள். பயிற்சியாளர் அம்மா கைதட்டி, "அந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார். மணியம்மை ஓரத்திலிருந்து கையெடுத்துக் கும்பிட்டாள். கடந்து போன உதயா மட்டும் சிரிக்கவில்லை. ஒருமுறை திரும்பி ஸ்வீட்லினைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஆட்டம் தொடங்கியது. உதயாவை மறிக்க வந்தவள் ஒரு நெட்டைப் பெண். ஓரத்தில் நின்று உதயாவின் டவுன் பஸ்ஸை ஒருமுறை பார்த்து வைத்திருந்தவள் அவள். வலப்பக்கத்தை அடைத்துக்கொண்டு வந்தாள். இனி மிச்சமிருந்தது இடப்பக்கம்தான். உதயா வேகத்தைக் குறைத்தாள், நின்றாள், வலது காலை ஊன்றித் தள்ளினாள்.

யாரும் அவளைத் தொடவில்லை. சின்னதாக ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி. விழுந்தவளின் வாயிலிருந்து வந்த கூச்சலை ஸ்வீட்லின் அதுவரை கேட்டதே இல்லை. புல்லில் விழுந்தால் வலிக்காது என்று சொன்னவள், புல்லை இரண்டு கையாலும் பிய்த்துப் பிய்த்துக் கத்தினாள்.

இடம் ஸ்வீட்லினுக்குக் கிடைத்தது.

ஆபரேஷன் முடிந்தது. நடக்கலாம், வேலை செய்யலாம், பிள்ளை பெறலாம், பந்து மட்டும் ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆவணியில் முகூர்த்தம் குறித்தாயிற்று. விடுதிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஸ்வீட்லின் அம்மையார்குப்பத்துக்குப் போனாள். போகாமலே இருந்துவிடலாமா என்று, பஸ் மாறும்போது ஆர்.கே.பேட்டையில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டுப் பார்த்தாள். அடுத்த பஸ் ஒழுங்காக நின்று அவளை ஏற்றிக்கொண்டது.

தறிச் சத்தத்துக்கு நடுவே உதயா கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள். மணியம்மை ஸ்வீட்லினைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எங்கியோ கொற வெச்சிட்டேம்மா. பூவு கொஞ்சம் வாடிப் போயிருந்திச்சு அன்னிக்கு. நா பாத்தேன், பரவால்லன்னு வுட்டுட்டேன். அவனுக்கு அது பொறுக்கல. எம்புள்ள கால எடுத்துகினான்."

அந்தத் தாய் வாடிய பூவுக்காக ஆயுசுக்கும் தன்னையே நொந்துகொள்ளப் போகிறாள். அவளிடம்கூட உண்மையைச் சொல்ல ஸ்வீட்லினுக்கு வாய் வரவில்லை. மணியம்மை டீ போடுகிறேன் என்று உள்ளே போனாள்.

"எல்லா நாளும் மறிச்ச. ஒரு நாள் வுட்டதில்ல" என்றாள் உதயா. "அன்னிக்கு மட்டும் ஏன்டி வழி வுட்ட?"

"உனுக்கு சீட்டு கெடைக்கணும்னுதான்டி. நா பந்த எடுத்திருந்தா நீ அப்பவே வெளிய. நா சத்தியமா..."

"கிரவுண்டுல இல்லடி." உதயா தலையை ஆட்டினாள். "படியில."

தறி ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கம்மாகிட்ட என்னால சொல்ல முடியல. சாமிக்கு நேந்துகினத மாட்டேன்னு நா எப்படிச் சொல்றது? அந்த மண்டபத்துல உன்னையே பாத்துகினு நின்னேன். உனுக்குத் தெரியும்னு எனுக்குத் தெரியும். இவ என்னைக்கும் ஏமாற மாட்டா, இப்ப குறுக்க வந்துடுவான்னு நெனச்சேன். நீ தண்ணி குடுத்த."

ஸ்வீட்லின் கட்டில் விளிம்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எங்கப்பா சொன்னாரு என்றோ, உங்க சாமி காரியம் என்றோ சொல்லலாம்தான். சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கால் திரும்பி வருமா?

டீ டம்ளர்களோடு மணியம்மை வந்தாள்.

"ஐயோ, இன்னாத்துக்கு இப்படி அழுவுறா இந்தப் பொண்ணு? இன்னாடி சொன்ன நீ?"

உதயா அம்மாவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். இடது தோள் ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

"ஒண்ணும் இல்லமா. நாளைக்கு மெட்ராசுக்குப் போறா இல்ல, என்னை வுட்டுட்டுப் போணுமேன்னு அழுவுறா."

மணியம்மை அதை நம்பினாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் ஸ்வீட்லினின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.